பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு முன் ஸ்பிரிங்



வில் வண்டியை நேரில் பார்க்காதவர்களும் படங்களில் பார்த்திருப்பீர்கள். சாதாரணக் கட்டை வண்டியில் பாரம் அச்சின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும். வழியில் ஒரு கல் கிடந்தால் அந்தக் கல்லின் உயரம் முழுவதும் வண்டியில் இருப்பவரின் முதுகெலும்புக்கு வந்து சேரும். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை வில்லாக வளைத்து வைத்தபோது நிலைமை மாறியது. சக்கரம் கல்லின் மேல் ஏறி இறங்கியது. கூண்டு அந்த அளவுக்குத் தூக்கிப் போடவில்லை. அதனால்தான் அந்த வண்டிக்கு வில் வண்டி என்றே பெயர் வந்தது.

மோட்டார் காரிலும் இந்த வேலையைச் செய்வது வில்தான். பட்டையாக இருந்தாலும் சுருளாக இருந்தாலும் பட்டறையில் நாம் அதை ஸ்பிரிங் என்கிறோம். இந்தப் பேச்சிலும் அப்படியே சொல்கிறேன்.

வீட்டில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்துப் பராமரிப்பவர்கள் நம் ஜொகூர் மாநிலத்திலும் இருக்கிறார்கள். எஞ்சினைச் சீர் செய்து, வண்ணம் பூசி, இருக்கைக்குத் தோல் தைத்த பிறகு, முன் சக்கரங்களுக்கு எந்த ஸ்பிரிங் போடுவது என்ற கேள்வி அவர்களுக்கு எழுகிறது. கடைக்காரரைக் கேட்டால் இறுக்கமானது நல்லது என்பார். நண்பரைக் கேட்டால் குட்டையானதைப் போடு, கார் தாழ்ந்து அழகாக நிற்கும் என்பார். இருவரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. முன் சக்கரம் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில்தான் ஸ்டியரிங் நம் சொல் கேட்கும், பிரேக்கும் பிடிக்கும். டயரைச் சாலையோடு சேர்த்து வைப்பதே ஸ்பிரிங்கின் முதல் வேலை. அழகு அதற்குப் பின்னால் வருவது.

பத்து பாகாட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நம் வட்டாரம் கடலோரச் சமவெளி. மென்மையான களிமண்ணும் கரிச் சதுப்பு மண்ணும் கலந்த நிலம். பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய மென்மண்ணை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் அமைத்திருக்கிறார்கள் என்றால், இங்கே சாலை போடுவது எவ்வளவு தொல்லையான வேலை என்று ஊகித்துக்கொள்ளலாம். மூவார் சாலையிலோ, செங்காராங், ரெங்கிட் வழியாகப் பொந்தியான் செல்லும் சாலையிலோ போய்ப் பாருங்கள். எத்தனை பாரிட்டுகள், எத்தனை சிறு பாலங்கள்! ஆழமான தூண்கள் மேல் நிற்கும் பாலம் அசையாது. அதன் இரு பக்கமும் மண்மேல் கிடக்கும் சாலை ஆண்டுக்கு ஆண்டு அமிழும். ஆகவே பாலத்தின் வாயிலில் ஒரு மேடும், தாண்டியதும் ஒரு பள்ளமும் உண்டாகும். இடைப்பட்ட சாலையும் அலை அலையாக நெளியும். இந்தச் சாலைக்கு ஏற்ற ஸ்பிரிங் வேறு, சிப்பாங் பந்தயத் தளத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் வேறு.

இனி, ஸ்பிரிங்கை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். இழுப்பு எவ்வளவோ விசையும் அவ்வளவு என்ற விதியை ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் 1678இல் வெளியிட்டார். ஒரு ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க 100 பவுண்ட் எடை வேண்டுமானால், இரண்டு அங்குலம் அமுக்க 200 பவுண்ட் வேண்டும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பவுண்ட் என்பதே அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு எண். ஜப்பானியப் பொருள்களில் இதையே ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று போடுவார்கள். மில்லிமீட்டருக்கு 1 கிலோ என்பது அங்குலத்துக்கு 56 பவுண்டுக்குச் சமம்.

விறைப்பை முடிவு செய்பவை மூன்று: கம்பியின் தடிமன், சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை. இவற்றில் தடிமனுக்குத்தான் அதிக வலிமை. கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். சுருள் பத்தில் ஒரு பங்கு அகன்றால் விறைப்பு 25 சதவீதம் குறையும். வேலை செய்யும் சுற்று எட்டில் ஒன்றை வெட்டி எடுத்தால் விறைப்பு 14 சதவீதம் கூடும். ஆகவே கண்ணால் பார்த்து, இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று முடிவு கட்டக் கூடாது.

உண்மையான கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த கார். இதில் திறந்த கூரை வண்டி ஒன்று. 1965இல் வந்த, கூரை மூடிய ஜி.டி. மற்றொன்று. தொடக்க காலத் திறந்த வண்டியின் முன் ஸ்பிரிங்கின் விறைப்பு அங்குலத்துக்கு 348 பவுண்ட். சுமை இல்லாதபோது நீளம் 9.9 அங்குலம். ஜி.டி.யின் ஸ்பிரிங்கோ 480 பவுண்ட், நீளம் 9.1 அங்குலம். கம்பியின் தடிமனில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விறைப்பிலோ 38 சதவீத வித்தியாசம்!

இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பவர், ஜி.டி. ஸ்பிரிங் குட்டையாக இருக்கிறது, இதைப் போட்டால் கார் தாழும் என்று நினைப்பார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்பிரிங்கின் மேல் 1,000 பவுண்ட் சுமை ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 348 பவுண்ட் ஸ்பிரிங் 2.87 அங்குலம் அமுங்கி, 7.03 அங்குலத்தில் நிற்கும். 480 பவுண்ட் ஸ்பிரிங் 2.08 அங்குலம் அமுங்கி, 7.02 அங்குலத்தில் நிற்கும். உயரம் ஒன்றேதான்! கார் தாழவில்லை, குதிப்பு மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே நீளம் ஒரு செய்தி, விறைப்பு இன்னொரு செய்தி. கடையில் இரண்டையும் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி விற்கும் ஸ்பிரிங்கை வாங்க வேண்டாம். காரின் ஆண்டையும் சொல்ல வேண்டும். 1974இல் அமெரிக்க விதிகளுக்காக இந்தக் காருக்குப் பெரிய ரப்பர் பம்பர் பொருத்தி, உயரத்தையும் சற்றுக் கூட்டினார்கள். அதற்கு முந்திய ஸ்பிரிங்கும் பிந்திய ஸ்பிரிங்கும் ஒன்றல்ல.

அடுத்து ஒரு நுட்பம். புரோட்டோன் சாகா வைத்திருக்கும் நண்பர், என் ஸ்பிரிங் 6 கிலோ என்று பெருமையாகச் சொல்லுவார். எம்.ஜி.பி.யின் 348 பவுண்டும் ஏறக்குறைய 6.2 கிலோதான். அப்படியானால் இரண்டு கார்களும் ஒரே அளவு இறுக்கமா? இல்லை. கதவைக் கைப்பிடி அருகே தள்ளினால் சுலபமாகத் திறக்கும். கீல் அருகே தள்ளினால் கை வலிக்கும். எம்.ஜி.பி.யில் ஸ்பிரிங் லோவர் ஆர்மின் நடுப்பகுதியில், கீல் பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. சாகா போன்ற மெக்பர்சன் அமைப்பில் ஸ்பிரிங் ஏறக்குறைய சக்கரத்தின் மேலேயே நிற்கிறது.

கணக்குச் சுலபமாக இருக்க, ஸ்பிரிங் ஆர்மின் சரிபாதியில் இருப்பதாகக் கொள்வோம். சக்கரம் இரண்டு அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் ஓர் அங்குலமே அமுங்கும். அதன் விசையும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது பாதியாகிவிடும். பாதியில் பாதி, கால். ஆகவே அங்குலத்துக்கு 348 பவுண்ட் என்பது சக்கரத்தில் வெறும் 87 பவுண்ட். 480 என்பது 120. ஒரு காரின் எண்ணை இன்னொரு காரோடு ஒப்பிடுவது, படியால் அளந்ததை முழத்தால் அளந்ததோடு ஒப்பிடுவது போன்றது.

அப்படியானால் சக்கரத்தில் எவ்வளவு விறைப்பு வேண்டும்? பொறியாளர்கள் இதைக் குதிப்பின் எண்ணிக்கையால் சொல்கிறார்கள். காரின் முன்பக்கத்தை அமுக்கி விட்டால், தடுப்பார் இல்லாதபோது, அது நிமிடத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்பதே கணக்கு. காரின் எடையால் சக்கரத்தின் அருகே ஸ்பிரிங் 250 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தால் நிமிடத்துக்கு 60 முறை. 110 மில்லிமீட்டர் என்றால் 90 முறை. 62 மில்லிமீட்டர் என்றால் 120 முறை. வசதியான குடும்பக் கார் 60க்கும் 75க்கும் நடுவில் இருக்கும். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் 75 முதல் 95 வரை இருக்கலாம். 120ஐத் தாண்டினால் அது பந்தயத் தளத்துச் சங்கதி.

இதைப் பொந்தியான் சாலையில் வைத்துப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு 90 முறை குதிக்கும் காருக்கு, 15 மீட்டருக்கு ஒரு மேடு வந்தால் ஊஞ்சலைத் தாளம் தவறாமல் தள்ளுவது போலாகும். குதிப்பு வளர்ந்துகொண்டே போகும். 120 முறை குதிக்கும் காருக்கு 11 மீட்டருக்கு ஒரு மேடு வந்தால் அதே கதி. எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் அதற்குப் பொருத்தமான ஓர் அலை எங்காவது ஒரு சாலையில் இருக்கவே செய்யும். அந்த ஊஞ்சலை நிறுத்துவது ஸ்பிரிங் அல்ல, அப்சார்பர். கார் மிதக்கிறது, ஆடுகிறது என்று சொல்பவர் முதலில் பார்க்க வேண்டியது அப்சார்பரைத்தான். எம்.ஜி.பி.யில் முன் அப்சார்பரின் கையே மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது. அதில் எண்ணெய் வற்றியிருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பிரிங்கும் பயன் தராது. தேய்ந்த அப்சார்பரின் மேல் இறுக்கமான ஸ்பிரிங்கைப் போட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். வலுவான குதிரையைப் பூட்டிவிட்டு நைந்த கடிவாளத்தைப் பிடித்த கதைதான்.

முன் ஸ்பிரிங்கை மட்டும் இறுக்குவதில் இன்னொரு கேடும் உண்டு. ஒரு மேட்டில் முதலில் முன் சக்கரம் ஏறுகிறது. பின் சக்கரம் சற்றுப் பொறுத்து ஏறுகிறது. எம்.ஜி.பி.யில் இரண்டுக்கும் இடைவெளி 91 அங்குலம். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடியில் பத்தில் ஒரு பங்கு. முன்பக்கம் சற்று மெதுவாகவும் பின்பக்கம் சற்று விரைவாகவும் குதிக்குமானால், பின்னால் தொடங்கியது முன்னதை எட்டிப் பிடித்து, இரண்டும் சேர்ந்து அடங்கும். முன்பக்கத்தை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால் கார் தலையாட்டி பொம்மைபோல் முன்னும் பின்னுமாக ஆடும். 1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இதை ஆராய்ந்து விளக்கியவர் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர்.

வளைவிலும் இதே கதைதான். முன்பக்கம் மிக இறுகினால், சாயும் பாரத்தில் பெரும் பங்கை முன் டயர்களே ஏற்க வேண்டி வரும். வெளிப்பக்க முன் டயர் முதலில் வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நேரே போகும். மழை பெய்து ஓய்ந்த மாலையில், ஓரமெல்லாம் பாரிட் வெட்டிய நம் சாலையில், நேரே போவது என்றால் எங்கே போய் விழுவது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வளைவில் கார் சாய்வதுதான் உங்கள் குறை என்றால், முதலில் சாய்வுத் தடுப்புக் கம்பியைக் கவனியுங்கள். இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குக் கம்பி அது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அது குறுக்கிடாது. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கும்போது மட்டும் எதிர்க்கும். அதுவும் முன் டயரின் சுமையைக் கூட்டும் என்பதால் ஒரேயடியாகத் தடித்ததைப் போடாமல் ஒரு படி தடித்ததைப் போட்டுப் பார்க்க வேண்டும். மென்மையான ஸ்பிரிங்கும் சரியான அப்சார்பரும் சேர்ந்தால் வேகமான கார் கிடைக்காது என்று நினைப்பவர்கள், காலின் சாப்மன் 1962இல் கொண்டுவந்த லோட்டஸ் எலானை நினைத்துப் பார்க்கலாம். மென்மையான ஸ்பிரிங்கோடு சாலையைப் பற்றிக்கொண்டு ஓடுவதில் அது இன்றும் பேர்பெற்ற கார்.

சரி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, பழையதைச் சோதியுங்கள். ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா, கிங்பின் ஆடுகிறதா, அப்சார்பர் கசிகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கில் துரு குழி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்காற்று வீசும் ஊர் நம்முடையது; துருக் குழியிலிருந்துதான் கம்பி விரிசல் விடும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நாம் சொல்வதற்குச் சரியான பொருள், அதன் நீளம் குறைந்துவிட்டது என்பதே. எஃகின் விறைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே கார் தாழ்ந்துவிட்டதற்கு மருந்து, பழைய விறைப்பிலேயே ஒரு புதிய ஜோடி. இறுக்கமான ஜோடி அல்ல.

இரண்டாவது, உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரி பார்த்து, எண்ணெய்த் தொட்டி பாதி இருக்க, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இரு பக்கமும் அளக்க வேண்டும்.

மூன்றாவது, எடை. செம்பனை ஆலையிலும் பழைய இரும்புக் கடையிலும் எடைமேடை இருக்கும். கேட்டு அனுமதி பெற்று, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தினால் முன்பக்க எடை தெரிந்துவிடும். லாரி நிறுக்கும் மேடை பத்து, இருபது கிலோ வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது. ஆனாலும் குருட்டு யோசனையைவிட மேல். அசல் எஞ்சினை எடுத்துவிட்டு ஹாஃப்கட் கடையில் வாங்கிய ஜப்பானிய எஞ்சினைப் பூட்டியிருந்தால் இது கட்டாயம் தேவை. குளிர்சாதனம் பொருத்தியதால் முன்பக்கம் 30 கிலோ கூடியது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 15 கிலோ, அதாவது 33 பவுண்ட். ஆர்மின் பாதியில் இருக்கும் ஸ்பிரிங்குக்கு அது 66 பவுண்ட். 348 பவுண்ட் ஸ்பிரிங் 5 மில்லிமீட்டர் அமுங்கும். கார் 10 மில்லிமீட்டர் தாழும். ஸ்பிரிங்கின் தலையில் 5 மில்லிமீட்டர் தட்டை வளையம் ஒன்றை வைத்தாலே உயரம் திரும்பிவிடும். இதற்காக ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதே இல்லை.

நான்காவது, ஏற்றத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். சக்கரம் மேலே ஏறும்போது கடைசியில் முட்டு ரப்பரில் போய் மோதும். மோதிய கணத்தில் விறைப்பு பல மடங்காகும். வளைவின் நடுவே அது நடந்தால் டயரின் பிடி சட்டென்று போகும். குட்டை ஸ்பிரிங்கால் காரைத் தாழ்த்துகிறவர் இந்த இடத்தைத்தான் விற்றுவிடுகிறார். ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் உட்கார்ந்து, வழக்கமாகப் போகும் பாலங்களில் வழக்கமான வேகத்தில் போய்வாருங்கள். முட்டு ரப்பரில் சிறிது களிம்பு தடவி வைத்தால் மோதியதா இல்லையா என்பது திரும்பி வந்ததும் தெரியும். மோதவில்லை என்றால் உங்கள் ஸ்பிரிங் போதும். அடிக்கடி மோதினால், கார் நிற்கும் உயரமும் அப்சார்பரும் சரியாக இருக்கும் பட்சத்தில், அடுத்த படி இறுக்கமான ஸ்பிரிங்கை யோசிக்கலாம். மோதாமல் காக்கும் ஸ்பிரிங்குகளில் மிக மென்மையானது எதுவோ அதுவே சாலைக்குச் சிறந்தது.

வாங்கும்போது இரண்டாகவே வாங்குங்கள். பூட்டிய பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஸ்பிரிங் உட்கார்ந்ததும் உயரத்தை மீண்டும் அளந்து, சக்கரங்களின் நேர்மையையும் சரி பார்க்க வேண்டும். காரின் உயரத்தையோ அமைப்பையோ மாற்ற நினைத்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. காரில் இருக்கும் முன் ஸ்பிரிங் சும்மா இருப்பதுபோல் தோன்றும். அதற்குள் 450 கிலோ எடைக்குச் சமமான விசை அடைபட்டுக் கிடக்கிறது. கட்டு அவிழ்ந்தால் அது பீரங்கிக் குண்டுபோல் வெளியே பாயும். ஒரு ஜாக்கை மட்டும் நம்பி போல்ட்டைக் கழற்றக் கூடாது. காரை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கருவியைப் பூட்டி, மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். முகத்தையும் கையையும் அதன் பாதையில் வைக்கக் கூடாது. அந்தக் கருவி இல்லாதவர்கள் அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் விடுவதே அறிவுடைமை. அதேபோல், காஸ் விளக்கால் சுட்டு ஸ்பிரிங்கைத் தாழ்த்துவதும், சுற்றை வெட்டுவதும் வேண்டாம். சூடு எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது.

ஆகவே நேயர்களே, ஸ்பிரிங் வாங்கக் கடைக்குப் போகுமுன் கையில் ஒரு தாள் இருக்கட்டும். காரின் ஆண்டு, முன்பக்க எடை, நிற்கும் உயரம், ஓடும் சாலை ஆகிய நான்கையும் அதில் எழுதுங்கள். அந்த நான்கையும் கேட்டபின் ஸ்பிரிங் எடுத்துத் தருபவரே உங்களுக்கு ஏற்ற கடைக்காரர். மேடும் பள்ளமும் நம் ஊர்ச் சாலைக்கு மண் கொடுத்த குணம். அதன் மேல் டயர் பதிந்து ஓடினால், பழைய காரும் வீடு திரும்பும். அதில் போனவர்களும் வீடு திரும்புவார்கள்.